உப்பு தூவச் சொல்கிறவர்களுக்கு ஒரு மடல்

ஆயர் ஈத்தாம் அணையில் தண்ணீர் இறங்கினாலும், சுமத்ராவில் காடு எரிந்து புகைமூட்டம் வந்தாலும், "பிளேனை அனுப்பி உப்பு தூவச் சொல்லுங்கள்" என்று முதல் ஆளாகக் குரல் கொடுக்கும் பினாங்கு அன்பர்களுக்கு,



உங்களில் பலரை எனக்குத் தெரியும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும், கோயில் மண்டபத்திலும், லெபோ பசார் தேநீர்க் கடையிலும் உங்கள் குரலைக் கேட்டிருக்கிறேன். 2024-இன் வறண்ட மாதங்களில் ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகளின் அடித்தரை தெரியத் தொடங்கியபோது கேட்டீர்கள். 2019 செப்டம்பரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஏறி, பள்ளிகளை மூடியபோதும் கேட்டீர்கள். கோரிக்கை ஒன்றுதான்: அரசாங்கம் விமானத்தை அனுப்ப வேண்டும், மேகத்தில் எதையாவது போட வேண்டும், மழை வர வேண்டும்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது. குழாயில் காற்று வரும்போது யாரும் இயற்பியல் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் உங்கள் கோரிக்கைக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. நம் வானத்து மேகங்கள் சுத்தமாக, எதுவும் கலக்காமல், விதைக்காகக் காத்திருக்கின்றன என்பதே அது. அது சரியில்லை. மலாக்கா நீரிணையின் மேல் நிற்கும் மேகங்களில் இரவு பகலாக விதை விழுந்துகொண்டுதான் இருக்கிறது. தூவுகிறவர்களை நாம் அழைக்கவில்லை, அவ்வளவுதான். இந்த மடலை எழுதுவது அதைச் சொல்லத்தான்.

மேகம் என்பது வெறும் நீராவி திரண்டது அல்ல. காற்றில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் நீராவி துளியாகிறது. கடல் உப்பு, கந்தகப் புகையில் பிறந்த சல்பேட்டுத் துகள், விறகுப் புகை என்று எதுவும் அதற்கு உதவும். இவற்றைத் துளிக்கரு என்று வைத்துக்கொள்வோம். துப்புரவான நடுக்கடலில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் இப்படிப்பட்டவை நூறு போல இருக்கும். நகரத்துக் காற்றிலும் புகைமூட்டத்திலும் ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே துளிக்கருவுக்குப் பஞ்சம் என்பது பினாங்கில் எந்த நாளிலும் கிடையாது.

சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில். மேகத்துளி மிகச் சிறியது, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. தரைக்கு வந்து சேரும் ஒரு மழைத்துளியில் அப்படிப்பட்ட மேகத்துளிகள் ஏறத்தாழ பத்து இலட்சம் சேர்ந்திருக்கும். இத்தனையும் எப்படி ஒன்று சேர்கின்றன என்பதுதான் மழையின் கதை. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பெரிய துளிகள் விழும்போது சிறியவற்றை மோதி விழுங்கிக்கொண்டே வருவது ஒன்று. மற்றது பனிக்கட்டி வழி.

பினாங்கில் ஏது பனிக்கட்டி என்று சிரிக்காதீர்கள். நம் தலைக்கு மேலே சுமார் ஐந்து கிலோமீட்டர் ஏறினால் பூஜ்ஜியம் டிகிரி. கொடிமலையின் உச்சி 833 மீட்டர்தான். அதைப்போல ஆறு மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த எல்லை வந்துவிடும். மாலையில் தீபகற்பத்தின் பக்கம் கறுத்து எழும் இடிமேகங்கள் பதினைந்து கிலோமீட்டருக்கும் மேலே போகின்றன. அவற்றின் தலையில் குளிர் −70 டிகிரி வரை இறங்கும். ஜார்ஜ்டவுன் தெருவில் நாம் வியர்த்து நிற்கும்போது தலைக்கு மேலே சைபீரியா மிதந்துகொண்டிருக்கிறது. அங்கே உருவாகும் பனி, கீழே வரும் ஐந்து கிலோமீட்டர் வெப்பக் காற்றில் உருகிவிடுவதால்தான் நமக்கு அது வெறும் மழையாகத் தெரிகிறது. எப்போதாவது உருகித் தீராமல் மலேசியாவில் ஆலங்கட்டி விழுந்தால் மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது.

பூஜ்ஜியத்தைத் தாண்டியவுடன் மேகம் உறைந்துவிடும் என்றுதான் நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். அப்படி நடப்பதில்லை. கலப்பில்லாத சிறு நீர்த்துளி −38 டிகிரி வரை உறையாமல் நீராகவே கிடக்கும். உறைவதற்கு நீர் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் அணிவகுக்க வேண்டும். அந்த அணிவகுப்பைத் தொடங்கிவைக்க ஒரு பரப்பு தேவைப்படுகிறது. அந்தப் பரப்பைத் தரும் துகளுக்குப் பனிக்கரு என்று பெயர்.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஒரு லிட்டர் காற்றில் துகள்கள் இலட்சக்கணக்கில் இருக்கும். −20 டிகிரியில் அவற்றுள் பனிக்கருவாக வேலை செய்யக்கூடியது பொதுவாக ஒன்றோ, ஒரு சிலவோதான். துளிக்கரு ஆக எவனும் தகுதி பெறலாம். பனிக்கரு ஆவதற்கோ கடுமையான தேர்வு இருக்கிறது. பாலைவனத் தூசு தேறுகிறது. அதிலும் பொட்டாசியம் கலந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது என்று 2013-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் காட்டினார்கள். கடல் நுரையிலிருந்து காற்றில் ஏறும் உயிர்ப்பொருள்கள் ஓரளவு தேறுகின்றன. எல்லாரையும் மிஞ்சுவது ஒரு பாக்டீரியா. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்று பெயர். இலையில் வாழ்வது. அதன் உடற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம் −2 டிகிரியிலேயே தண்ணீரை உறையவைத்துவிடும். பனிச்சறுக்கு மைதானங்களில் செயற்கைப் பனி செய்கிறவர்கள் இந்தப் பாக்டீரியாவைக் கொன்று பொடியாக்கியதைப் பையில் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள்.

தேர்வில் தோற்றவர்களில் முக்கியமானது கரிப்புகை. டீசல் புகை, காடு எரிந்த கரித்தூள் இவையெல்லாம் −38 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலையில் மிக மோசமான பனிக்கருக்கள் என்று சோதனைச்சாலைகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. ஆகவே புகைமூட்ட நாளில் நம் வானத்தில் துகள் கொட்டிக் கிடந்தாலும், பனியைத் தொடங்கிவைக்கக்கூடியது அவற்றுள் மிகக் கொஞ்சம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பனிப்படிகம் ஒன்று பிறந்துவிட்டால் சுற்றியுள்ள நீர்த்துளிகளுக்குக் கெட்டகாலம். ஒரே குளிர்நிலையில் நீரின் மேல் நிற்பதைவிடப் பனியின் மேல் ஒட்டிக்கொள்வது நீராவிக்கு எளிது. அதனால் துளிகள் ஆவியாகிச் சுருங்க, படிகம் பருக்கிறது. ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெகனர் 1911-இலேயே இதை ஊகித்திருந்தார். கண்டங்கள் நகர்கின்றன என்றாரே, அதே வெகனர்தான். 1922-இல் ஓஸ்லோ அருகே ஒரு மலைக்காட்டில் தங்கியிருந்த தோர் பெர்ஷரோன் என்ற இளைஞர், குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்த நாட்களில் மூடுபனி மரங்களுக்கிடையே தரைவரை இறங்கி நிற்பதையும், −10 டிகிரி போல இருந்த நாட்களில் அது தரையைத் தொடாமல் விலகி நிற்பதையும் கவனித்தார். மரக்கிளைகளில் படிந்த பனி, பக்கத்திலிருந்த ஈரத்தை இழுத்துக்கொண்டது. மேகத்துக்குள்ளும் இதுதான் நடக்கும் என்று கொள்கை வகுத்தார். உலகில் கிட்டத்தட்ட எல்லாப் பெருமழையும் பனியாகத்தான் பிறக்கிறது என்றுகூட அவர் சொன்னார். ஆனால் வெப்பமண்டலத்தில் விமானிகள் பறந்து பார்த்தபோது, உறைநிலை எல்லையைத் தொடாத குட்டை மேகங்களே மழையைக் கொட்டின. நார்வேக் காட்டில் பிறந்த கொள்கை, வேர்வை வழியும் ஊர்களில் பாதிதான் செல்லுபடியாயிற்று.

விமானத்திலிருந்து தூவும் யோசனைக்கும் பிறந்த ஊர் இருக்கிறது, அது நம் ஊரைப் போன்றதே அல்ல. 1946 ஜூலை, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். வின்சென்ட் ஷேஃபர் என்பவர் வீட்டு ஃப்ரீசர் ஒன்றுக்குள் கறுப்புத் துணி விரித்து, அதில் மூச்சை ஊதி மேகம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் போட்டாலும் உறையவில்லை. வெயில் அதிகமாக இருந்த ஒரு நாள் ஃப்ரீசர் போதவில்லை என்று உலர்பனிக் கட்டி ஒன்றை உள்ளே வைத்தார். மூச்சுக்காற்று நொடியில் மினுமினுக்கும் படிகங்களாக மாறியது. நவம்பர் 13-இல் சிறு விமானத்தில் ஏறி மாசச்சூசெட்ஸ் மலைப்பக்க மேகம் ஒன்றில் சுமார் மூன்று கிலோ உலர்பனியைக் கொட்டினார். மேகத்திலிருந்து பனி பெய்தது. அதே மாதம் அவருடன் வேலை செய்த பெர்னார்ட் வானகட், பனியின் படிக அமைப்பை ஒத்த பொருள் எது என்று அட்டவணைகளைப் புரட்டி, சில்வர் அயோடைடைக் கண்டெடுத்தார். (நாவலாசிரியர் கர்ட் வானகட்டின் அண்ணன். தம்பியும் அதே நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்தார். உலகத்துத் தண்ணீரையெல்லாம் உறையவைக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பிறகு அவர் நாவல் எழுதியது தற்செயல் அல்ல.)

சில்வர் அயோடைடு ஒரு செயற்கைப் பனிக்கரு. −5 டிகிரிக்குக் கீழே நன்றாக வேலை செய்யும். உறையாத நீர் நிறைய இருந்து, பனிக்கரு மட்டும் குறைவாக உள்ள குளிர்கால மலைமேகங்களுக்கு அது பொருந்தும். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், விமானம் பறந்த அதே வளைகோட்டில் மேகத்துக்குள் பனி பிறப்பதை ராடார் படமாகவே பிடித்துவிட்டார்கள். எழுபது ஆண்டு வாதத்துக்குப் பிறகு கிடைத்த மிகத் தெளிவான சாட்சி அது. கிடைத்த இடமும் குளிர்கால மலைதான்.

மலேசியாவில் தூவுவது பெரும்பாலும் அதை அல்ல. வானிலை ஆய்வுத் துறையும் விமானப் படையும் சேர்ந்து சி-130 ஹெர்குலிஸ் விமானத்தில் உப்புக் கரைசலை ஏற்றிச் சென்று தெளிக்கின்றன. நீங்கள் "உப்பு" என்று சொல்வது அந்த வகையில் துல்லியமான சொல். உப்பு பனிக்கரு அல்ல, பெரிய துளிக்கரு. அதன் நோக்கம் மேகத்தின் கீழ்ப்பகுதியில் சில பெரிய துளிகளை உண்டாக்கி, மோதி விழுங்கும் முதல் வழியை முடுக்கிவிடுவது. வடக்கே தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் 1955-இல் நினைத்து, 1969-இல் காவோ யாய் மலையில் தொடங்கிவைத்த அரச மழைத் திட்டமும் உப்பில்தான் ஆரம்பிக்கிறது. உலர்பனி, சில்வர் அயோடைடு எல்லாம் பிந்தைய கட்டங்களில் சேர்கின்றன. இந்தியாவில் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 மழைக்காலங்களில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மேகங்களில் இந்த ஈரமிழுக்கும் வகைத் தூவலைச் செய்து, சில பகுதிகளில் சுமார் 18 விழுக்காடு கூடுதல் மழை என்று கணக்குக் காட்டியது. அவர்கள் செய்த முக்கியமான வேலை தூவியது அல்ல. பொருத்தமான மேகங்கள் கிடைத்தபோது எதில் தூவுவது, எதை விட்டுவிடுவது என்று குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததுதான். தூவிய மேகம் பெய்தது என்று மட்டும் சொன்னால், அது தூவாமலே பெய்திருக்குமா என்ற கேள்விக்குப் பதில் வராது.

கூடவே ஒன்று. தூவலுக்கு மேகம் வேண்டும். வறண்ட ஜனவரியில், அல்லது காற்று கீழ்நோக்கி அமுங்கி நிற்கும் புகைமூட்ட நாட்களில், மேகமே எழும்பாத வானத்தில் ஹெர்குலிஸ் எவ்வளவு சுற்றினாலும் பலன் எரிபொருள் செலவு மட்டும்தான். ஆனால் அரசியல்வாதிக்கு அந்தச் செலவு உறுத்தாது. விமானம் பறப்பது படமாக வருமே.

இனி அழையாத விதைப்பாளர்களுக்கு வருகிறேன்.

முதலாவது, காட்டுத் தீ. டேனியல் ரோசன்ஃபெல்ட் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர், 1998-இல் போர்னியோ எரிந்துகொண்டிருந்த நாட்களில், வெப்பமண்டல மழையை அளக்க ஏவப்பட்ட துணைக்கோளின் பதிவுகளைப் பார்த்தார். கலிமந்தானில் புகை சூழ்ந்த மேகங்களும் புகை தொடாத மேகங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. புகை தொடாதவை பெய்தன. புகை சூழ்ந்தவை அதே உயரம் எழும்பியும் பெய்யவில்லை. காட்டுத்தீப் புகை மழையைத் தடுக்கிறது என்பதற்கு முதல் நேரடிச் சாட்சியாக அதை 1999-இல் வெளியிட்டார்.

காரணம் கணக்கு. மேகத்தில் இருக்கும் ஈரம் அவ்வளவேதான். அதை நூறு துளிக்கருக்கள் பங்கிட்டால் ஒவ்வொன்றும் பருமனாகும். ஆயிரம் பங்கிட்டால் எல்லாமே நோஞ்சான். பந்தியில் சோறு அதே அளவு இருந்து ஆட்கள் மட்டும் பத்து மடங்கு வந்தது போலத்தான். நோஞ்சான் துளிகள் ஒன்றையொன்று மோதிக்கொள்ளாமல் காற்றோடு நழுவிவிடும். முதல் வழி அடைபடுகிறது.

இரண்டாம் வழியும் தப்பவில்லை. 1974-இல் ஜான் ஹாலட், மொசாப் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் ஒன்றைக் கண்டார்கள். −3 முதல் −8 டிகிரி வரையிலான சிறு இடைவெளியில், விழுந்துகொண்டிருக்கும் பனி உருண்டையின் மேல் நீர்த்துளிகள் மோதி உறையும்போது, நுண்ணிய பனிச் சில்லுகள் தெறிக்கின்றன. அந்தச் சில்லு ஒவ்வொன்றும் புதிய பனிப்படிகம். ஒன்று பத்தாகிறது, பத்து ஆயிரமாகிறது. லிட்டருக்கு ஒரு பனிக்கருகூட இல்லாத வெப்பமண்டலக் கடல்மேகத்தில் பனிப்படிகங்கள் மட்டும் கணக்கில்லாமல் கிடந்ததற்கான விளக்கத்தில் பெரும்பங்கு இதற்கு உண்டு. ஆனால் இந்தப் பெருக்கம் நடக்க, மோதும் துளிகளில் ஒரு பகுதியாவது 24 மைக்ரானுக்கு மேல் பருமனாக இருக்க வேண்டும். புகை மேகத்தின் நோஞ்சான் துளிகள் அந்த அளவை எட்டுவதில்லை. ஆகப் புகை, மோதலையும் கெடுத்து, பனிப் பெருக்கத்தையும் கெடுக்கிறது. தானும் பனிக்கருவாக உதவுவதில்லை. நாம் உப்பு தூவி எழுப்ப நினைக்கும் அதே மேகத்தின் வயிற்றைப் புகை முன்கூட்டியே கட்டிப்போட்டிருக்கிறது.

இரண்டாவது விதைப்பாளர் கப்பல். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் மலாக்கா நீரிணையைக் கடக்கின்றன. மேற்கிலிருந்து வருபவை இலங்கையின் தென்முனையைச் சுற்றி, வங்கக் கடலின் அடிப்பகுதியை ஒரே நேர்கோட்டில் கடந்து, ஆச்சே முனையில் நீரிணைக்குள் நுழைந்து, நமக்கு மேற்கே தெற்கு நோக்கி இறங்குகின்றன. 2017-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோயல் தார்ன்டனும் அவருடைய கூட்டாளிகளும் 2005 முதல் 2016 வரை உலகில் விழுந்த மின்னல்களைப் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். வங்கக் கடலின் மேல் ஒரு கோடு தெரிந்தது, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல. நீரிணை வழியாக வந்து தென் சீனக் கடலிலும் அது தொடர்ந்தது. கப்பல் பாதைக்கு நேர் மேலே மின்னல், பக்கத்துக் கடலைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இயற்கை நேர்கோடு போடாது.

மின்னலுக்கும் பனிக்கும் என்ன உறவு? மின்னலே பனியின் பிள்ளைதான். மேகத்தின் நடு உயரத்தில் பனி உருண்டைகளும் பனிப்படிகங்களும் மோதி உரசும்போது மின்னூட்டம் பிரிகிறது. பனி இல்லாத மேகம் எவ்வளவு பெய்தாலும் முழங்காது. பினாங்கில் இடி கேட்டீர்களா, தலைக்கு மேலே பனிக்கட்டி இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். கப்பலின் கனரக எண்ணெய் எரியும்போது கந்தகம் சல்பேட்டுத் துகளாகிறது. அது பனிக்கரு அல்ல, துளிக்கரு. ஆனால் துளிகளைச் சிறுத்துப்போகச் செய்வதால், கீழேயே மழையாக விழுந்திருக்க வேண்டிய நீர் விழாமல் மேலே போகிறது. உறைநிலை எல்லையைத் தாண்டி, அங்கே பனியாகி, மோதி, மின்னுகிறது. பனியைத் தொடாத துகள், பனியைப் பெருக்கிவிட்டது. புகை மேகத்திலோ இதே நோஞ்சான் துளிகள் பெய்யவே விடவில்லை. ஒரே காரணம், மேகத்தின் உயரமும் வேகமும் மாறும்போது இரண்டு முடிவு. இந்த வேறுபாட்டைப் பற்றி அறிஞர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை, குறிப்பாகத் துகளால் மேகத்தின் எழுச்சி எவ்வளவு வலுக்கிறது என்பதில்.

பிறகு நடந்தது, யாரும் திட்டமிடாத பரிசோதனை. 2020 ஜனவரி 1 முதல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்ச அளவை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5-ஆகக் குறைத்தது. கப்பல்கள் குறையவில்லை, கந்தகம் மட்டும் குறைந்தது. அடுத்த ஆண்டுகளில் சிங்கப்பூரை ஒட்டிய பாதைகளின் மேல் மின்னல் ஏறத்தாழ பாதியாகியது என்று தார்ன்டன் குழுவினர் 2025-இல் எழுதினார்கள். லண்டனில் கூடிய ஒரு கூட்டத்தின் தீர்மானம் நம் நீரிணையின் இடிமேகங்களில் மின்னலைக் குறைத்துவிட்டது. இந்த அளவுக்கு ஒரு ஹெர்குலிஸ் விமானம் என்றைக்காவது எதையாவது சாதித்திருக்கிறதா? (இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கந்தகத் துகள் குறைந்தால் மேகங்கள் வெயிலைத் திருப்பியனுப்புவதும் சற்றுக் குறையும், கடல் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். சுத்தமும் இலவசமாக வருவதில்லை.)

அதனால்தான் சொல்கிறேன், நம் கேள்வி இடம் மாற வேண்டும். "ஏன் தூவவில்லை" என்று வானிலைத் துறையை விரட்டுவதற்குமுன், "என்ன தூவப்பட்டுக்கொண்டிருக்கிறது, யாரால்" என்று கேட்போம். புகைமூட்டத்தைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002-இல் கோலாலம்பூரில் ஒப்பந்தம் போட்டன. 2003-இல் நடைமுறைக்கு வந்த அதை இந்தோனேசியா 2014-இல்தான் ஏற்றுக்கொண்டது. எரிவது பெரும்பாலும் சதுப்பு நிலத்தில் ஆயிரமாண்டாக அடுக்கடுக்காகச் சேர்ந்த மக்கிய இலைதழை. வாய்க்கால் வெட்டி வடியவிட்டால் அது விறகாகிறது. அந்த நிலத்தில் மலேசிய நிறுவனங்களின் தோட்டங்களும் இருக்கின்றன. ஜக்கார்த்தாவைத் திட்டும் வாயால் கோலாலம்பூரையும் கொஞ்சம் கேட்கலாம்.

குடிநீர் விஷயத்திலும் அப்படித்தான். ஆயர் ஈத்தாம் அணையைத் தினமும் போய்ப் பார்க்கிற நாம், அது சிறிய அணை என்பதை மறந்துவிடுகிறோம். பினாங்கின் கச்சா நீரில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அது கெடாவில் ஊற்றெடுத்து வரும் ஆறு. அதன் தலைமடை உலு மூடா காடு. அந்தக் காட்டில் மரம் வெட்டுவதைப் பற்றிய சர்ச்சை ஆண்டுதோறும் கிளம்பி அடங்குகிறது. இலை மக்கும் இடத்திலிருந்தும் பூஞ்சைகளிலிருந்தும் காற்றில் ஏறும் உயிர்த்துகள்கள் மிதமான குளிரிலேயே வேலை செய்யும் நல்ல பனிக்கருக்கள் என்று அமேசானில் அளந்திருக்கிறார்கள். காடு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். மேகத்துக்கும் அது சிறிது கொடுத்து அனுப்புகிறது. மழைக்கு அந்தப் பங்கு பெரிதோ சிறிதோ, உலு மூடாவைக் காப்பதற்கு ஆற்று நீர் ஒன்றே போதுமான காரணம்.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருத்தமான மேகம் அணைப் பக்கம் எழும்பும் ஏப்ரல், மே மாதங்களில் தூவிப் பார்ப்பதில் தவறில்லை. அப்படித் தூவினால் கணக்கைக் கேளுங்கள். எந்த மேகம், எத்தனை மணிக்கு, அதன் அடியும் தலையும் எவ்வளவு உயரத்தில், அன்று தூவாமல் விட்ட மேகம் எது, அது பெய்ததா இல்லையா. நம் தீவிலேயே அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் வானிலை நிலையம் இருக்கிறது. இந்தக் கணக்கை வைத்திருக்க ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வறட்சியில் மனு எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். உலு மூடாவுக்காகவோ புகைமூட்ட ஒப்பந்தத்துக்காகவோ எழுதினால் வாசகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறேன். விமானத்துக்காக என்றால், தூவாமல் விட்ட மேகத்தின் கணக்கும் வெளியிடப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டுக் கொண்டு வாருங்கள். அதிலும் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு அதே குழாயடியில் நிற்கும்
ஜார்ஜ்டவுன்வாசி